ஊர்க் குழுவில் வதந்தி: பெரியவர் முகம் வாடாமல் திருத்துவது எப்படி?

கேள்வி: மண்டபம் பக்கத்து ஊர். ஊர் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன்மார் என எல்லாரும் உண்டு. 'கடல் உள்வாங்கிவிட்டது, இன்று இரவு சுனாமி' என்று மாமா முறையுள்ள ஒருவர் போட்டார். 'பொய்ச் செய்தி, பரப்பாதீர்கள்' என்று கீழே எழுதினேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். வீட்டில் எனக்குத்தான் திட்டு. வேறு எப்படிச் செய்திருக்கலாம்?

பதில்:

நீங்கள் சொன்ன விஷயத்தில் தப்பில்லை, சொன்ன இடத்தில்தான் தப்பு. முந்நூறு பேர் பார்க்கும் இடத்தில் மாமா முறையுள்ளவரை ஒற்றை வரியில் மறித்துவிட்டால், அடுத்த நிமிடமே பேச்சு கடலை விட்டு மரியாதைக்குத் தாவிவிடும். அவர் பக்கம் நாலு பேர், உங்கள் பக்கம் நாலு பேர். சுனாமி வருமா வராதா என்று தெரிந்துகொள்ளக் குழுவைத் திறந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது.

குழுவில் எழுதும் திருத்தம், வாய் திறக்காமல் படித்துவிட்டுப் போகிற மற்றவர்களுக்காக. போட்டவருக்குச் சொல்ல வேண்டியதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வரியில் முடிக்கப் பார்ப்பதால்தான் பாதிச் சண்டை.

முதலில் உங்கள் ஊர்க் கடலையே எடுத்துக்கொள்வோம். வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழம் குறைந்த கடல். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வடக்குக் கரையில் தரை சரிவே தெரியாத அளவுக்குத் தட்டை. நீர்மட்டம் ஓர் அடி இறங்கினாலே கரையோரம் வெகுதூரம் மணலும் பாசியும் வெளியே தெரியும், நாட்டுப்படகுகள் தரை தட்டி நிற்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக அடித்தால் அது வடகரையிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறுவதும் வற்றுவதும் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் பார்ப்பவருக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இது மணிக்கணக்கில் மெல்ல வற்றி, மணிக்கணக்கில் மெல்ல ஏறுவது. சுனாமிக்கு முன் வற்றினால் சில நிமிடங்களில் மளமளவென்று இறங்கும், அதே வேகத்தில் திரும்பி வரும்.

அப்படியானால் மாமா போட்டதில் பாதி உண்மை. கடல் வற்றியது நிஜம், அதை அவரே கண்ணால் பார்த்திருக்கலாம். நீங்கள் மொத்தமாகப் 'பொய்' என்றதும், 'நான் பார்த்ததையே பொய் என்கிறானே' என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். வதந்தியில் பெரும்பாலும் இப்படி ஓர் உண்மை கலந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சொல்வதுதான் காதில் ஏறும்.

இரண்டாவது பாதியான 'இன்று இரவு சுனாமி' என்பதைத் தள்ள எந்தத் தேடலும் வேண்டாம். நிலநடுக்கம் இந்த நாள், இந்த மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை. சுனாமி எச்சரிக்கை எப்போதும் நிலநடுக்கம் வந்த பிறகுதான் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில். தமிழகக் கரையை அலை தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அன்று எச்சரிக்கை கொடுக்க ஆள் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அந்த வேலையைச் செய்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது, பெரிய அலை இல்லை என்று தெரிந்ததும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே நிலநடுக்கமே நடக்காமல் 'இரவு பத்து மணிக்குச் சுனாமி' என்று எவர் பேரைப் போட்டு வந்தாலும் அது தப்பு.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? தட்டச்சு செய்யாதீர்கள், குரல் பதிவு அனுப்புங்கள், முடிந்தால் கூப்பிட்டே பேசுங்கள். எழுத்தில் சாதாரண வாக்கியம்கூட அதட்டலாகப் படும். குரலில் பணிவு தானாக வந்துவிடும். இப்படி இருக்கலாம்:

"மாமா, நல்லா இருக்கீகளா? நீக போட்டதப் பாத்துத்தான் நானும் விசாரிச்சேன். வடகடல் வத்துனது நெசந்தான். அதோட ஒட்டி வந்த சுனாமி வரிதான் பழைய செய்தி போல இருக்கு, சுனாமி வர்ற அளவுக்கு இன்னைக்கு எங்கயும் நிலநடுக்கம் பதிவாகல. நீகளே குழுவுல ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாரும் கேப்பாக மாமா."

கடைசி வரிதான் இதில் சாவி. திருத்தும் பெருமையை அவரிடமே கொடுத்துவிடுகிறீர்கள். அவர் செய்தியை நீக்க நினைத்தால், அனுப்பி ஏறத்தாழ இரண்டரை நாள் வரை 'எல்லாருக்கும் நீக்கு' வேலை செய்யும். பலருக்கு 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்திவிட்டு, நீக்கியாயிற்று என்று நினைக்கும் பழக்கம் உண்டு. எதை அழுத்த வேண்டும் என்று குரலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு மட்டும் என்பதை ஒருமுறை அழுத்திவிட்டால், உடனே 'திரும்பப் பெறு' என்று வரும் சில நொடிக்குள் பிடிக்காவிட்டால், பிறகு அவரால் குழுவிலிருந்து அதை எடுக்க முடியாது. அட்மின்தான் எடுக்க வேண்டும்.

கால் மணி நேரம் பாருங்கள். அவர் அசையாவிட்டால் குழுவில் நீங்கள் எழுதலாம். ஆனால் அவர் செய்தியின் மேல் 'பதிலளி' அழுத்தி எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் அவர் பேரும் வதந்தியின் முதல் வரியும் உங்கள் செய்தியின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும். பேர் வந்தால் மானப் பிரச்சினை, வதந்தி வந்தால் மறுபடி விளம்பரம். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் செய்தியை மனது உண்மை என்று எடுத்துக்கொள்ளும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். புதிய செய்தியாக, உண்மையை முதல் வரியில் வைத்து எழுதுங்கள்:

"வடகடல் இன்று காலையிலிருந்து வற்றியிருக்கிறது. கச்சான் காற்றும் பௌர்ணமியும் சேர்ந்ததால் வந்தது, ஒவ்வொரு வருடமும் பார்ப்பதுதான். சுனாமி பற்றி இன்காய்ஸ் எந்த எச்சரிக்கையும் தரவில்லை (இன்று மாலை 6.30 வரை பார்த்தது). நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் நிமிடக் கணக்கில் திடீரென்று இறங்கினாலோ எந்தச் செய்திக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போகவும். சந்தேகத்துக்கு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077."

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நேரம் போட்டிருக்கிறது. நேரம் போடாத மறுப்பு மூன்று நாள் கழித்து வேறு குழுவில் சுற்றும்போது அதுவே வதந்தியாகிவிடும். மற்றொன்று, 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற சொல் இதில் எங்கும் இல்லை. கடற்கரையில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை எழுதவே கூடாது. உங்களால் மறுக்க முடிந்தது ஒரு செய்தியை மட்டும். கடலுக்கு நீங்கள் ஜாமீன் கொடுக்க முடியாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரை கடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அது மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்று அங்கேயே வலுவிழந்தது. அன்று 'கரை கடந்தாயிற்று' என்று பரப்பியவரும் தப்பு, 'வரவே வராது' என்று மறுத்தவரும் தப்பு. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலை வீட்டுப் பெரியவர் வாயால் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. பயத்தைக் கிண்டல் செய்தால் அதற்கு மேல் உங்கள் பேச்சு எடுபடாது.

புயல் காலத்தில் அதிகம் வருவது, துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றிய குழப்பம். பாம்பனில் மூன்றாம் எண் ஏற்றியதும் 'மூன்று நாளில் புயல்' என்று ஒருவர் போடுவார், இன்னொருவர் 'பதினொன்றில் மூன்றுதானே, லேசானது' என்பார். இரண்டுமே சரியில்லை. கூண்டு எண் துறைமுகத்துக்கும் கப்பலுக்குமான குறியீடு, காற்றின் வேகத்தை அளக்கும் அளவுகோல் இல்லை. ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் நடப்பதைச் சொல்பவை. மூன்று வந்தால் துறைமுகத்தையே பலத்த காற்று தாக்கக்கூடும். நான்கு, துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குப் புயலால் ஆபத்து வரலாம் என்பது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே ஆபத்துதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் அல்லது நேராக மேலேயே வருமா என்பதில்தான் வித்தியாசம். எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே, பெரும் ஆபத்தில். பதினொன்று ஏற்றினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இதை நவம்பரில் வாதம் நடக்கும்போது விளக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். செப்டம்பரிலேயே, யாரும் எதுவும் போடாத நாளில், பொது அறிவுச் செய்தியாகப் போட்டுவையுங்கள். யாரையும் திருத்தாத திருத்தத்துக்கு எதிர்ப்பே கிளம்பாது. சரியான நேரத்தில் யாராவது ஒரு பெரியவரே அதை எடுத்து மறுபடி போடுவார்.

உண்மையான எச்சரிக்கை எப்படி இருக்கும் என்பதையும் அதே போலக் காட்டி வைக்கலாம். இன்காய்ஸின் உயர் அலை அல்லது 'கள்ளக்கடல்' (தொலைவில் எழுந்த அலை திடீரென்று கரையேறுவது) அறிவிப்பில் எந்தக் கரைப் பகுதி, எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அலை எத்தனை மீட்டர் என்று எல்லாம் இருக்கும். வதந்தியில் இருப்பது 'அவசரம்', 'உடனே பகிரவும்', 'இன்று இரவு'. தேதி இல்லாத 'இன்று' எந்த வருடத்து இன்று என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விழுந்துவிடும். விசைப்படகுக்காரர்களுக்கு இன்னும் சுலபம்: மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிறதா, நிறுத்திவிட்டதா என்று துறைமுகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இனி மீன். இது பிழைப்பில் கைவைக்கும் வதந்தி. மன்னார் வளைகுடாப் பக்கம் சில பருவத்தில் கடல் பச்சையாக மாறும், ராத்திரியில் அலை மினுங்கும். நம் ஆட்கள் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்ற மிகச் சிறிய உயிரி திரளாகப் பெருகுவதால் வருவது. அது மொத்தமாக அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறையும், அம்மோனியா கூடும், பாறை இடுக்கு மீன்கள் தப்பிக்க முடியாமல் செத்து ஒதுங்கும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் இப்படி நடந்தது. உடனே கிளம்பும் செய்தி: 'கடலில் விஷம் கலந்துவிட்டது, ஒரு மாதம் மீன் வாங்காதீர்கள்.'

இங்கே 'விஷம் இல்லை' என்று மட்டும் மறுத்தால் வேலைக்கு ஆகாது. மீன் செத்துக் கிடப்பதைப் பார்த்தவனுக்கு, 'பிறகு ஏன் செத்தது' என்ற கேள்வி நிற்கும். அந்த ஓட்டையை நீங்கள் அடைக்காவிட்டால் வதந்தியே வந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே காரணம் இரண்டு வரி, செய்ய வேண்டியது ஒரு வரி: ஒதுங்கிச் செத்த மீனைப் பொறுக்க வேண்டாம், கருவாடாக்கவும் வேண்டாம், வேறு இடத்தில் உயிரோடு பிடித்து வந்த மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. அவர்கள் தண்ணீர் எடுத்துப் பார்த்துச் சொல்லும் வரை 'ஆய்வு நடக்கிறது, முடிவு வந்ததும் போடுகிறோம்' என்று எழுதுவது கௌரவக் குறைவு இல்லை. இந்தச் செய்தியை மீன் வியாபாரி எழுதினால் 'தன் சரக்குக்காகச் சொல்கிறார்' என்பார்கள். வியாபாரத்தில் இல்லாத ஒருவரை, பள்ளி ஆசிரியரையோ சுகாதார ஆய்வாளரையோ கேட்டுப் போடவையுங்கள். யார் சொன்னார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஊர் நம்பும். இதற்காக ஊரில் யார் பேச்சு எதில் எடுபடும் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருப்பது நல்லது. அலைக்கு அனுபவப்பட்ட சம்மாட்டி (படகு உரிமையாளர்), நோய்க்குச் செவிலியர், சண்டை சச்சரவுக்கு ஃபாதரோ ஜமாஅத் தலைவரோ.

ஆழ்கடலின் துடுப்பு மீன் வலையில் விழுந்தால் நிலநடுக்கம் வரும் என்ற செய்தியும் சுற்றும். ஜப்பானில் 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 பதிவுகளை, 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. பொருந்தியது ஒன்றே ஒன்று. இதற்காக யாரிடமும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை, கேட்டால் சொல்லலாம்.

நம்பிக்கை சம்பந்தப்பட்டது வேறு வகை, நிதானம் அதிகம் வேண்டும். சேதுவின், அதாவது ராமர் பாலத்தின், விண்வெளிப் படத்தைப் போட்டு 'பதினேழரை லட்சம் வருடம் பழமையானது, மனிதன் கட்டியது என நாசா உறுதி செய்தது' என்ற செய்தி 2002 முதல் சுற்றுகிறது. படம் உண்மை. நாசா அப்படிச் சொல்லவில்லை. சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தை வைத்து ஒரு திட்டு வரிசை எப்படி உருவானது, எத்தனை வயது என்று சொல்ல முடியாது என்றுதான் நாசா விளக்கம் தந்தது. ராமேஸ்வரத்துக் குழுவில் இதைத் திருத்துகிறவர் சறுக்குவது, நாசா வரியை மறுப்பதோடு நிற்காமல் ராமாயணத்துக்குள் போவதில்தான். அங்கே போகாதீர்கள், அது உங்கள் கேள்வியே இல்லை. "சேது புனிதம், அது அவரவர் நம்பிக்கை, அதற்கு நாசா சான்றிதழ் தேவையில்லை. இந்த வரி மட்டும் நாசா சொன்னதில்லை, அதனால் அதை நீக்கிவிட்டுப் படத்தை வைத்துக்கொள்ளலாம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். சிரிப்புப் பொம்மை ஒன்றுகூடப் போடக் கூடாது. வேறு மதத்துக்காரர் முந்திக்கொண்டு திருத்துவதைவிட, கோயிலுக்குப் போய்வருகிற ஒருவர் சொன்னால் அது திருத்தமாகவே நிற்கும். தர்கா பற்றியோ தேவாலயம் பற்றியோ வருகிற வதந்திக்கும் இதே முறைதான். அந்தந்த வீட்டுக்காரரே பேசட்டும்.

இவ்வளவு தணிவும் ஓரிடத்தில் வேண்டாம். ஆள் முகம் போட்ட 'குழந்தை கடத்துகிறவன்' செய்திக்கு மாமா, மச்சான் பார்க்கக் கூடாது. 2018இல் நாடு முழுக்கச் சுற்றிய கடத்தல் காணொளி, கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு அட்டையைத் தூக்கிக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த வருடம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த வயதான பெண் ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைச் சந்தேகித்து அடித்தே கொன்றார்கள். நம் கரையில் அந்நிய முகத்துக்குப் பஞ்சமில்லை. ராமேஸ்வரத்துக்குத் தமிழ் தெரியாத யாத்ரீகர் வருகிறார்கள். ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்து வருகிறார்கள், அவர்களில் சிலர் வழி தவறிப் பக்கத்து ஊர்களில் அலைவதும் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத அப்படி ஒருவர்தான் முதல் அடியை வாங்குவார்.

அதனால் அட்மினை உடனே போனில் கூப்பிட்டுச் செய்தியை நீக்கச் சொல்லுங்கள். 2022 முதல் அட்மின் யாருடைய செய்தியையும் எல்லாருக்குமாக நீக்கலாம். அதே நிமிடத்தில் குழுவில்: "இந்தப் படம் உறுதி செய்யப்படாதது. யாரையாவது சந்தேகப்பட்டால் கை வைக்க வேண்டாம், நிறுத்தி வைத்து விசாரிக்கவும் வேண்டாம், 112க்குக் கூப்பிடுங்கள். குழந்தை சம்பந்தமாக 1098." போட்டவரிடம் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பரவிய காணொளிகளைத் தமிழகக் காவல்துறை மறுத்தது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் இப்படி வரும். நம் ஊர் இறால் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்கள் அதே படத்தைத் தங்கள் மொழிக் குழுவில் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்கள்.

பணம் பிடுங்கும் செய்தியும் காத்திருக்கக் கூடாத வகைதான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதையொட்டி 'நிவாரணம் பெற இந்த லிங்க்கை அழுத்தவும்' என்றோ, ஏபிகே என்று முடியும், போனில் செயலியை ஏற்றிவிடும் கோப்பாகவோ வரும். நிவாரணம் மீன்வளத்துறை வழியாக வங்கிக் கணக்கில் நேராக விழுவது. லிங்க்கை அழுத்தி வாங்குவது கிடையாது. யாராவது அழுத்தி விவரம் கொடுத்துவிட்டார்களா என்று குழுவில் கேட்காதீர்கள், வெட்கத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "அழுத்தியவர்கள் இருந்தால் உடனே 1930க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை மடக்க வாய்ப்பு அதிகம்" என்று பொதுவாகப் போட்டால் போதும்.

சரிபார்க்கும் வேலை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. செய்தியின் மேல் இரட்டை அம்பு இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது, எழுதியவர் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரர் இல்லை. காணொளி என்றால் வெவ்வேறு இடத்தில் நிறுத்தி மூன்று நாலு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் போடுங்கள். முதல் காட்சியை மட்டும் போட்டால் பெரும்பாலும் சிக்காது. சுனாமிக் காணொளிகளில் பாதிக்கு மேல் 2011 ஜப்பான் என்று தெரியவந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். கடல் காட்சியாக இருந்தால் படகுப் பதிவெண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் படகில் டிஎன், கேரளத்துப் படகில் கேஎல், ஆந்திரத்தில் ஏபி. ஒலியைக் கூட்டி, பின்னால் கத்துகிறவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேளுங்கள். மீனவர்களுக்கு வலையும் படகின் அமைப்பும் பார்த்தாலே இது நம் கரை இல்லை என்று தெரிந்துவிடும், ஆகவே குழுவிலேயே "இது எந்த ஊர் வள்ளம் மாதிரி தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள், திருத்தியது நீங்கள் என்று யாருக்கும் தோன்றாது. அரசு அறிவிப்பு என்று வந்தால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும், மத்திய அரசு விஷயத்துக்குப் பிஐபி என்னும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவும் ஏற்கெனவே மறுத்திருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

கண்டுபிடித்ததைக் குழுவில் லிங்க்காக மட்டும் போடாதீர்கள், யாரும் திறக்க மாட்டார்கள். ஆங்கில லிங்க் என்றால் 'படித்தவன் திமிர்' என்று வேறு பட்டம் கிடைக்கும். மூன்று வரி தமிழில் எழுதி, தேவைப்பட்டால் ஒரு ஸ்க்ரீன்ஷாட். வதந்திப் படத்தையே காட்ட வேண்டியிருந்தால் அதன் மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போடுங்கள். கோடில்லாத படத்தை யாராவது உங்கள் பேரிலேயே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களை மறக்காதீர்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் கத்தாரும் குவைத்தும் இரண்டரை மணி நேரம். வேலை முடிந்து அவர்கள் குழுவைத் திறக்கும்போது ஊர் தூங்கியிருக்கும். 'கடல் உள்வாங்கியது' என்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. அந்தப் பதற்றத்தில்தான் பலர் அதை இன்னும் நாலு இடத்துக்கு அனுப்புகிறார்கள். தூங்கப்போகும் முன் "இரவு 10 மணி, ஊரில் எல்லாம் வழக்கம்போல்" என்று ஒரு வரி போட்டால் அது பத்து மறுப்புக்குச் சமம். கடலுக்குப் போனவர்களுக்கு வேறு சிக்கல். கரையை விட்டுத் தள்ளிப் போனதும் சிக்னல் போய்விடும். மறுநாள் திரும்பி வந்ததும் இருநூறு செய்தியை மேலிருந்து படிப்பார்கள், வதந்தி முதலில் வரும், திருத்தம் கடைசியில். அவர்களுக்காகத்தான் மூலச் செய்தியை நீக்குவதும், திருத்தத்தை வாட்ஸ்அப்பின் 'பின்' (pin) வசதியால் பின் செய்து மேலே நிறுத்துவதும்.

சட்டத்தை எடுத்து வீசாதீர்கள். பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பினால் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு என்பது சரிதான். குழுவில் அதை எழுதினால் மாமாவைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறாய் என்பார்கள். அட்மின் பொறுப்புக்குப் பயப்படுகிறவருக்குத் தனியாகச் சொல்லலாம்: வெறும் அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவரை வழக்கில் சேர்க்க முடியாது என்ற கருத்தை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

இப்போது வெளியேறிய மாமாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீங்களே இணைப்பு அனுப்பாதீர்கள். அவர் வயதொத்த ஒருவர், அல்லது சங்கத் தலைவர், "உங்களக் காணாம குழு நல்லா இல்ல" என்று நேரில் சொல்லிச் சேர்க்கட்டும். சேர்ந்த அன்று யாரும் பழைய பேச்சை எடுக்க வேண்டாம், 'வருக' மழையும் வேண்டாம். அடுத்த வாரத்தில் அவருக்குத் தெரிந்த ஒன்றை நீங்கள் குழுவில் கேளுங்கள். கச்சான் எத்தனை நாள் நிற்கும், இந்த வருடம் வடகடல் ஏன் சீக்கிரம் வற்றுகிறது என்று.

அட்மினிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், வடகிழக்குப் பருவத்துக்கு முன் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554 என்ற நாலு எண்களையும் கூண்டு எண் விளக்கத்தையும் ஒரே செய்தியாக்கிப் பின் செய்யச் சொல்லுங்கள். பின் செய்தது அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.